தெரிந்தவர்களின் பயம்

சீடன்: ஐயா, கோதிக் திகில் கதைகளில் பயம் தெரியாமையிலிருந்துதானே பிறக்கிறது? பூட்டிய அறை, இருட்டு, பாதி கேட்ட காலடி. எழுதுபவர் மறைக்கிறார், நாம் நடுங்குகிறோம்.

குரு: மறைப்பதில் ஆன் ராட்கிளிஃப் கைதேர்ந்தவர். 1794-இல் வந்த ‘உடால்ஃபோவின் மர்மங்கள்’ படித்தாய் அல்லவா?

சீடன்: படித்தேன். கோட்டையில் ஒரு கறுப்புத் திரை. எமிலி அதை விலக்கிப் பார்த்து மயங்கி விழுகிறாள். கண்டது என்ன என்று ஆசிரியர் வாயே திறப்பதில்லை. நாவல் முடியப்போகும் நேரத்தில்தான் மெழுகு உருவம் என்கிறார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

குரு: வராதா பின்னே? எமிலி கண்டதை நம்மிடம் ஒளித்தார். ஒளித்தது வெளியே வந்ததும் பயமும் தீர்ந்தது. இனி பிராம் ஸ்டோக்கரிடம் வா. ‘டிராகுலா’, 1897. நாட்குறிப்பும் கடிதமும் தந்தியுமாகக் கோத்த நாவல். முதல் நான்கு அத்தியாயங்கள் யாருடையவை?

சீடன்: ஜோனதன் ஹார்க்கருடைய நாட்குறிப்பு. டிரான்சில்வேனியக் கோட்டையில் அடைபட்டவன், மண் நிரப்பிய பெட்டிக்குள் டிராகுலா பிரபு கிடப்பதைக் கண்ணால் பார்க்கிறான். சுவர் வழியே இறங்கித் தப்பப்போகிறேன் என்று ஜூன் 30-இல் எழுதியதோடு நின்றுவிடுகிறது.

குரு: பக்கத்தைத் திருப்பினால்?

சீடன்: அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட மினா, தோழி லூசிக்கு எழுதும் கடிதம். ஜோனதன் நலமாம், ஒரு வாரத்தில் வந்துவிடுவாராம். தேதி மே 9… ஓ!

குரு: ஏழு வாரம் பின்னால் போய்விட்டார். கடிதத்தில் பயமுறுத்தும் சொல் ஒன்றுகூடக் கிடையாது. சுருக்கெழுத்துப் பழகுவதைப் பற்றி எழுதுகிறாள், பாவம். நமக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. தெரியாதவள் அவள், தெரிந்தவர்கள் நாம்.

சீடன்: அப்படியானால் வார்னாவிலிருந்து விட்பிக்கு வரும் டிமீட்டர் கப்பலும் அதே வேலைதான். மண் பெட்டிகள் ஏற்றினோம் என்று கேப்டன் குறிக்கும்போது அவருக்கு அது வெறும் சரக்கு. ஆனாலும் ஒன்று இடிக்கிறது, ஐயா. எல்லாம் தெரிந்துவிட்டால் படபடப்பு ஏது? அடுத்து எந்த மாலுமி, எந்த இரவு என்பது நமக்கும் தெரியாதே.

குரு: சரிதான், நான் ஒருபக்கமாகச் சாய்த்துச் சொல்லிவிட்டேன். என்ன என்பதை முன்கூட்டியே தந்துவிட்டு, எப்போது என்பதைக் கையில் வைத்துக்கொள்கிறார். கூவி எச்சரிக்கவும் நமக்கு வழியில்லை.

சீடன்: பின்னால் மினா எல்லாக் குறிப்புகளையும் தட்டச்சு செய்கிறாள், எல்லோரும் படித்துவிடுகிறார்கள். நமக்கும் அவர்களுக்கும் இருந்த இடைவெளி அங்கே அடைபட்டுவிடுகிறதே?

குரு: ஸ்டோக்கர் அதை எப்படித் திறந்தார்?

சீடன்: ஆண்கள் கூடி, மினாவிடம் இனி எதையும் சொல்வதில்லை என்று தீர்மானிக்கிறார்கள். பெண்ணால் தாங்க முடியாதாம்.

குரு: அன்று இரவே?

சீடன்: பக்கத்திலிருக்கும் பிரபுவின் வீட்டைச் சோதனையிடப் போகிறார்கள். மினா தனியே தூங்குகிறாள். அறைக்குள் மூடுபனி நுழைந்ததை அவள் கனவு என்றே எழுதுகிறாள். லூசி பிரபுவுக்கு இரையானதைப் படித்த நமக்கு அது கனவில்லை. திரும்பி வந்த ஜோனதன் அவள் வெளிறியிருப்பதைக் கவனிக்கிறான். கூட்டத்தில் கேட்டது மனத்தைக் கலக்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறான்.

குரு: அந்த வீட்டில் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

சீடன்: பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஐம்பதில் 29தான் இருந்தன.