வெயில் இலையும் நிழல் இலையும்

 

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் பம்பை ஆற்றை ஒட்டிய வயல்களில் நடந்தவர்களுக்கு இது தெரிந்த செய்தி. வரப்பு மரத்தின் நிழல் விழும் இடத்தில் கரும்பு சோனியாகவே நிற்கும். கரும்பு வெயிலுக்கென்றே படைக்கப்பட்ட பயிர். உச்சி வெயிலையும் வீணாக்காமல் சர்க்கரையாக்கிக் கொள்ளும். வெற்றிலைக் கொடியோ அந்த வெயிலைத் தாங்காது. ஆகவேதான் கொடிக்காலில் அகத்தியை வளர்த்து, அதன் நிழலில் கொடியை ஏற்றுகிறார்கள். (வெற்றிலையை மடிக்கும்போது அகத்தியை யார் நினைக்கிறார்கள்!)

இரு பயிர்களை விடுங்கள். ஒரே மாமரத்தைப் பாருங்கள். உச்சிக் கிளையில் வெயில் படும் இலை தடித்திருக்கும். உள்ளே நிழலில் இருக்கும் இலை மெல்லியதாகவும் அகன்றும் இருக்கும். கிடைக்கும் சிறிதளவு ஒளியையும் தவறவிடாமல் பிடிப்பதற்காக, தன் எடைக்கு மிகுதியான பச்சையத்தை அது வைத்திருக்கிறது. வெயில் இலையோ ஒளியைப் பிடிப்பதைவிட, கரியமில வாயுவை உணவாக்கும் வேலைக்கே அதிகம் செலவிடுகிறது. இலைக்குள் இருக்கும் பச்சையமணிகள்கூட ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒளி குறைந்தால் அதை நோக்கிப் பரவி நிற்கின்றன. ஒளி மிகுந்தால் ஓரமாக ஒதுங்கிக் கொள்கின்றன. வேர் ஒன்று, தண்ணீர் ஒன்று. இலைக்கு இலை நியமம் வேறு. சுப்ஹானல்லாஹ்!

1963-ல் ஸ்வீடன் நாட்டு அறிஞர்கள் பியோர்க்மன், ஹோல்ம்கிரேன் இருவரும் ஒரே இனச் செடியை வெயிலான இடத்திலிருந்தும் நிழலான இடத்திலிருந்தும் எடுத்து வளர்த்துச் சோதித்தனர். நிழல் வகைக்குக் கடும் ஒளியைக் கொடுத்தபோது அதனால் பயன்படுத்திக் கொள்ள முடியவில்லை. அதன் ஒளிச்சேர்க்கையே பழுதுபட்டது. நாற்றங்கால் வைத்திருப்பவர்கள் இதைக் கைப்பழக்கத்தில் அறிவார்கள். நிழலில் வளர்ந்த கன்றை ஒரே நாளில் வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும். சிறிது சிறிதாகப் பழக்கினால், புதிதாக வரும் தளிர் வெயிலுக்கு ஏற்றதாகவே வரும்.

நிழலை நீட்டுவதும் சூரியனை அதற்கு வழிகாட்டியாக்கியதும் தன் செயலே என்று ரப்புல் ஆலமீன் 'அல்ஃபுர்கான்' அத்தியாயத்தில் நம்மைச் சிந்திக்கச் சொல்கிறான். எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மேல் சிரமப்படுத்துவதில்லை என்று 'அல்பகரா'வின் இறுதி வசனத்தில் அறிவிக்கிறான். இலைக்குத் தந்த சலுகையை அடியானுக்குத் தராமல் விடுவானா? இலைக்கு நோன்புமில்லை, கேள்வி கணக்குமில்லை என்பது வேறு விஷயம்.

முஆத் (ரலி) அவர்கள் தம் கூட்டத்தாருக்கு இஷாத் தொழுகையில் அல்பகராவையே ஓதினார்கள். பகலெல்லாம் ஒட்டகங்களை வைத்து நீர் இறைத்துவிட்டு வந்த ஒருவர் நிற்க முடியாமல் விலகித் தனியாகத் தொழுதுகொண்டார். அவரை முஆத் (ரலி) அவர்கள் முனாஃபிக் என்று சொல்லிவிட்டார்கள். செய்தி நாயகம் (ஸல்) அவர்களிடம் போயிற்று. கண்டிக்கப்பட்டவர் அந்த உழைப்பாளியல்லர். மக்களைக் குழப்பத்தில் ஆழ்த்துகிறீரா என்று இமாமையே கேட்டார்கள். முதியவரும் பலவீனரும் வேலையுள்ளவரும் பின்னால் நிற்பதை எடுத்துச் சொல்லி, சிறிய சூராக்களை ஓதும்படி ஏவினார்கள்.

நம் வீடுகளுக்கு வருவோம். ரமலானில் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் மருமகளைப் பார்த்து, "நாங்களெல்லாம் ஆறு பிள்ளை பெற்றும் ஒரு நோன்பு விட்டதில்லை" என்று பெரியவர்கள் சொல்வது சகஜம். அந்தப் பெண் கூசிப்போய் ஸஹரில் நிய்யத்து வைத்துக்கொள்கிறாள். அஸருக்குள் பால் வற்றிக் குழந்தை அழுகிறது. ஆறு பெற்றவர் வெயில் இலையாக இருந்திருக்கலாம், அவருடைய உடல் அப்படி. அதைக் கொண்டு இன்னொருத்தியை அளக்க அவருக்கு அதிகாரம் தந்தது யார்? இது பக்தியன்று, கொடுமை என்றே நாம் சொல்வோம்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் தமக்கோ குழந்தைக்கோ கேடு வரும் என்று அஞ்சினால் நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் களாச் செய்யலாம். ஹனஃபி மத்ஹபில் களா மட்டுமே. ஷாஃபிஈ மத்ஹபில், குழந்தைக்காக மட்டும் அஞ்சி விட்டிருந்தால், களாவுடன் நாளொன்றுக்கு ஒரு முத்து உணவும் ஏழைக்குக் கொடுக்க வேண்டும். களாவைத் தொடர்ச்சியாக நோற்க வேண்டியதில்லை. பகல் குறுகிய மார்கழி, தை நாட்களில் ஒன்றிரண்டாக நோற்றாலும் நிறைவேறிவிடும்.