பலகை சொல்லாத விதி

மலாய்ப் பண்பாட்டோடு கலந்த குடியேறிகளின் வழிவந்த பெரனாக்கான் குடும்பங்களின் பழைய சொங்காக் பலகைகளைப் பார்த்திருக்கிறீர்களா? படகு வடிவ மரம். சிலவற்றின் முனையில் பறவைத் தலையோ நாகமோ இருக்கும். செல்வர் வீட்டுப் பலகை என்றால் அரக்குச் சிவப்பும் தங்கப் பூச்சும் கூடும். வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசைக் குழிகள். சிங்கப்பூரின் தேக்காவில் வளர்ந்த தமிழர், கண்டவுடன் பல்லாங்குழி என்றுதான் சொல்வார்.

ஆட உட்கார்ந்தால் வேறு ஆட்டம். சொங்காக்கில் இரு கோடியிலும் பெரிய குழி ஒன்று உண்டு. சேர்த்த காய்கள் அதற்குள் போகும். சுற்றி வரும்போது நம் பெரிய குழியில் ஒரு காய் போடுவோம், எதிராளியுடையதைத் தாண்டிவிடுவோம். முதல் ஆட்டத்தை இருவரும் ஒரே நேரத்தில் தொடங்குகிறார்கள்; முந்தியவர் என்று யாரும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த விதி அது. நம் பல்லாங்குழியிலோ, குழியில் நான்கு காய் சேர்ந்தால் ‘பசு’, குழிக்குரியவர் எடுத்துக்கொள்வார்.

இத்தனை நுணுக்கத்தில் ஒன்றுகூட மரத்தில் செதுக்கப்படவில்லை. சிற்பி பறவையின் இறகைச் செதுக்கினார். எப்போது அள்ளுவது, எங்கே நிறுத்துவது என்பதை ஆடியவர்கள் நாவிலும் விரலிலும் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் போய்விட்டால், எத்தனை தங்கம் பூசிய பலகையும் வாய் திறக்காது.

காலம் எதை விட்டுவைக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நோன்யாக்கள் எனப்படும் பெரனாக்கான் பெண்கள் மணிக்கணக்கில் ஆடிய செர்க்கிச் சீட்டுகள், முப்பது உருவங்கள் கொண்ட ஒல்லியான தாள்கள், கைபட்டு நைந்தன. கம்பம் என்னும் பழைய சிற்றூர்களின் மண்ணில் பிள்ளைகள் தோண்டிய குழிகளின்மேல் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. அதிகம் ஆடப்பட்டது அழிந்தது. அலங்காரமாக இருந்தது தப்பியது. கண்ணாடிப் பேழைக்குள் நாம் காண்பது பெரும்பாலும் வசதியுள்ளோர் வைத்திருந்த பொருள்களையே. எளியவர்களின் மரபு நினைவில் மட்டும் இருக்கிறது. அந்த நினைவுக்கு வயதாகிறது.

கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையமும், ஆர்மீனியன் தெருவில் 2023இல் மீண்டும் திறக்கப்பட்ட பெரனாக்கான் அரும்பொருளகமும் நமக்குக் கிடைத்த பேறு. ஆனால் பொருளைக் காப்பதுதான் அவற்றால் இயலும். ஆட்டத்தைக் காக்க இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும்.

பிள்ளைகளை அங்கெல்லாம் கூட்டிப்போங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் 14 வட்டம் வரைந்து, புளியங்கொட்டையைக் கொட்டி, பாட்டியை அழைத்து உட்கார வையுங்கள். விதியை இணையத்தில் தேட வேண்டாம். பல்லாங்குழி ஊருக்கு ஊர் மாறும்; உங்கள் பாட்டியின் ஊரில் எப்படி ஆடினார்கள் என்பதை அவரிடமே கேளுங்கள், இந்த வாரமே.