பற்றாக்குறையின் கணக்கு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் வானம் பார்த்த பூமி. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் நம்பியிருப்பது ஐப்பசி கார்த்திகையை. குண்டாறு மழை பெய்தால்தான் ஆறு, மற்ற நாளில் மணல். அதனால்தான் இத்தனை கண்மாய்கள். நிறைந்த வருஷத்தில் பிரச்சினை இல்லை. பாதி பெருகிய வருஷத்தில்தான் கேள்வி வரும்: இருக்கிற தண்ணீரை யாருக்குக் கொடுப்பது?

நான் கோடு எழுதிப் பிழைப்பவன். இந்தக் கேள்விக்கு எங்கள் துறையில் ஒரு பதில் உண்டு. பரிணாம அல்காரிதம் என்று பெயர். 1975-இல் ஜான் ஹாலண்ட் எழுதிய புத்தகத்திலிருந்து பிரபலமான யோசனை. ஆயிரம் தீர்வுகளைக் கண்டபடி உருவாக்கு. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடு. தேறியவற்றைக் கலந்து, கொஞ்சம் மாற்றி, அடுத்த தலைமுறையை உண்டாக்கு. 2002-இல் கான்பூர் ஐஐடியின் கல்யாண்மய் தேபும் அவர் குழுவினரும் வெளியிட்ட என்.எஸ்.ஜி.ஏ-2 இந்த வகையில் உலகப்புகழ் பெற்றது. அணை திறப்பு முதல் குடிநீர்க் குழாய் வடிவமைப்பு வரை நீரியல் பொறியாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். இதை இன்னும் வேகமாக, இன்னும் துல்லியமாக ஆக்குவதற்கு ஆய்வுக்கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன.

நல்லதுதான். ஆனால் அந்த மதிப்பெண்ணை யார் போடுவது?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கண்மாய். தலைமடை வயலுக்கு 100 பங்கு தண்ணீர் வேண்டும், கடைமடைக்கும் 100. இருப்பது 120. கடைமடைக்குப் போகும் வழியில் பத்தில் ஒரு பங்கு வாய்க்காலே குடித்துவிடும். 'மொத்தப் பற்றாக்குறையைக் குறை' என்று அல்காரிதத்திடம் சொன்னால், தலைமடைக்கு 100 கொடுத்துவிடும். மீதி 20-இல் கடைமடைக்குப் போய்ச் சேருவது 18. பற்றாக்குறை 82. கணிதப்படி இதைவிடக் குறைக்கவே முடியாது. கடைமடைக்காரர் அந்த வருஷம் திருப்பூருக்கோ சிவகாசிக்கோ பஸ் ஏற வேண்டியதுதான்.

இது அநியாயம் என்று நமக்குத் தோன்றும். பொறியாளர்களுக்கும் தோன்றியிருக்கிறது. அதனால் பற்றாக்குறையை வர்க்கப்படுத்திக் கூட்டுவார்கள். பெரிய இழப்புக்குப் பெரிய தண்டனை. இப்போது விடை மாறும்: மேலே 59, கீழே 55. மொத்தப் பற்றாக்குறை 86. நாலு பங்கு கூடுதல், அதுதான் நியாயத்துக்கு நாம் கொடுத்த விலை.

அப்பாடா என்று உட்கார முடியாது. 80-க்குக் கீழே போனால் அந்த நெல் கதிர் பிடிக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இரண்டு வயலும் காய்ந்தது. எல்லாருக்கும் சமமாகப் பட்டினி. முதல் விடையில் ஒருவராவது அறுத்திருப்பார்.

இங்கே வந்து பலரும் நின்றுவிடுகிறோம். ஒன்று திறன், ஒன்று சமத்துவம், ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு. என்.எஸ்.ஜி.ஏ-2 இன்னும் நாசூக்கானது. இரண்டுக்கும் இடைப்பட்ட தீர்வுகளை வரிசையாக அடுக்கி, 'நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஒதுங்கிக்கொள்ளும்.

இலங்கையின் வறண்ட மண்டலக் குளங்களில் 'பெத்ம' என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. தண்ணீர் குறைந்த போகத்தில் ஆயக்கட்டு முழுவதையும் பயிரிட மாட்டார்கள். குளத்தை ஒட்டிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, பங்காளர்கள் எல்லாருக்கும் அந்தப் போகத்துக்கு மட்டும் பிரித்துக் கொடுப்பார்கள். கடைமடையில் நிலம் வைத்திருப்பவரும் தலைமடையில் விதைப்பார். நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். தலைமடைக்கு 100 போதும், 20 மிச்சம். இரண்டு பேருக்கும் பாதிப் பாதி நிலம், பயிர் முழுசாக விளையும்.

இந்த விடை அல்காரிதம் அடுக்கிய வரிசையில் எங்கேயும் இருக்காது. எத்தனை லட்சம் தலைமுறை ஓடவிட்டாலும் வராது. ஏனென்றால் நிலம் யாருடையதோ அவர்தான் அதில் பயிரிடுவார் என்பதை மாறிலியாக எழுதிவிட்டோம். தண்ணீர் மட்டும்தான் மாறி. குறை தேடலில் இல்லை. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று முதல் பத்து வரியில் எழுதினோமே, அதில் இருக்கிறது. அந்தப் பத்து வரியைத் தொழில்நுட்பம் என்று நினைக்கிறோம். அது அறத் தீர்ப்பு. மாறிலி என்று எழுதிய இடத்தில் 'இவருடைய உரிமை பேரத்துக்கு அப்பாற்பட்டது' என்று சொல்லியிருக்கிறோம். அதை யாருக்காகச் சொன்னோம் என்பதுதான் கேள்வி.

பழசெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. பெத்மவிலும் பங்கு வைத்திருப்பவருக்குத்தான் பங்கு. நம் பக்கக் கண்மாய்களில் மடை திறந்து, வயல் வயலாகத் தண்ணீர் கட்டிய நீர்பாய்ச்சிகள் பல ஊர்களில் தலித்துகள். அந்த ஆயக்கட்டில் சொந்த நிலம் இல்லாதவர்கள். நிலமில்லாதவர் பாரபட்சம் பார்க்க மாட்டார் என்று அதற்கு ஒரு காரணமும் சொல்வார்கள். எல்லார் பற்றாக்குறையையும் அளந்து கொடுத்தவரின் பற்றாக்குறை எந்தக் கூட்டலிலும் ஏறவில்லை. கணக்கில் வராதவருக்கு இழப்பு எப்போதும் பூஜ்யம்தான்.

ஆகவே அல்காரிதத்தை மேம்படுத்துவது என்றால், என்னைப் பொறுத்தவரை முதல் வேலை வேகத்தைக் கூட்டுவது இல்லை. எது மாறி, எது மாறிலி, யாருடைய இழப்பு கூட்டலில் ஏறுகிறது என்ற பட்டியலைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, கண்மாய்க் கரையில் வாசித்துக் காட்டுவது. 'அதை ஏன் மாத்தக் கூடாதுன்னு வச்சிருக்கீங்க?' என்று ஒருவர் கேட்டால், அந்த வரியைத் திருத்திவிட்டுப் பிறகு ஓடவிடுவது. மிச்சத்தை மிஷின் பார்த்துக்கொள்ளும். அதில் அது கெட்டிக்காரன்.