தண்ணீர் எங்கே நின்றது?

"மெக்கானிக்கைக் கூப்பிடு!"

வீட்டில் ஒரு மெஷின் நின்றதும் நம் வாயில் முதலில் வருவது இதுதான். மெக்கானிக் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பிழைப்பு அவருக்கு. ஆனால் அந்தப் பேச்சுக்குள் "இதெல்லாம் எனக்குத் தெரியாது" என்றொரு பயம் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறதே, அதை வெளியே இழுத்துப்போட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

ஆம்பூரில் எங்கள் வீடு மாடியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி முடிந்து, தட்டுகளை எல்லாம் பாத்திரம் கழுவும் மெஷினில் அடுக்கினோம். (பிரியாணி ஆக்கிய டேக்சா அதில் நுழையாது. அதைக் கையால் தேய்ப்பது என் வேலை.) பட்டனை அழுத்தினால் உர்ர் என்று ஒரு சத்தம், பிறகு மௌனம். பாத்திரத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"ஏங்க, இது தண்ணியே எடுக்க மாட்டேங்குது."

"நாளைக்கு மெக்கானிக்கை வரச் சொல்றேன்" என்றேன். படித்தவன் பதில்!

என் மனைவி பதினோரு வருடமாக ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகத்தை (அப்பர்) தைக்கிறவள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "லைன்ல நூல் அறுந்தா மெக்கானிக் வர்ற வரைக்கும் நான் கையைக் கட்டிக்கிட்டா உக்காந்திருப்பேன்? பீஸ் ஓட வேணாமா? ஊசியைப் பாப்பேன், பாபினைப் பாப்பேன், டென்ஷனைப் பாப்பேன். அதுக்கப்புறம்தான் கையைத் தூக்குவேன்."

காலையில் கம்பெனி பஸ் பிடிக்க ஓடும் ஆயிரமாயிரம் பெண்களே, கேட்டீர்களா? தையல் மெஷின் முன்னால் புலியாக இருக்கும் நீங்கள், சொந்தச் சமையலறையில் ஒரு தண்ணீர்க் குழாய் முன்னால் பூனையாவது ஏன்? அங்கே நூல் வரும் வழியைப் பார்க்கிறீர்கள். இங்கே தண்ணீர் வரும் வழியைப் பார்க்க வேண்டும். வித்தை ஒன்றுதான்!

முதலில் அவள் பிளக்கைப் பிடுங்கினாள். தைரியம் வேறு, கரண்டோடு விளையாடுவது வேறு. அப்புறம் கதவை மூடிப் பார்த்தாள். 'கிளிக்' என்று கொண்டி விழாவிட்டால் மெஷின் தண்ணீரைக் கேட்கவே கேட்காது. விழுந்தது. பின்பக்க டேப் முழுதாகத் திறந்திருக்கிறதா? திறந்திருந்தது. ஹோஸ் சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் மடங்கி நசுங்கியிருக்கிறதா? இல்லை. மெஷினுக்குள் தரையில் சின்னக் குமிழ் போல ஒரு மிதவை உண்டு. அது மேலேயே சிக்கிக்கொண்டால் 'தண்ணீர் நிறைந்துவிட்டது' என்று மெஷின் ஏமாந்துபோகும். அதன் அடியில் சீரகச் சம்பா இரண்டு பருக்கையும் ஒரு கிராம்பும் கிடந்தன. எடுத்துப் போட்டாள். மிதவை ஏறி இறங்கியது. பிளக்கை மாட்டிப் பார்த்தாள். ஆனாலும் தண்ணீர் வரவில்லை.

கடைசியில் மறுபடி பிளக்கைப் பிடுங்கி, டேப்பை மூடி, மெஷினின் பின்னால் ஹோஸ் சேரும் இடத்தைக் கழற்றினாள். வாய்க்குள் விரல்நகம் அளவு ஒரு சல்லடை. குறடால் மெல்ல இழுத்து எடுத்தாள். மணல், துரு, அதன் மேல் வெள்ளைப் படிவு. சல்லடைக் கண்ணே தெரியாமல் அடைத்துக் கிடந்தது. எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினாள். மெஷின் மடமடவென்று தண்ணீர் குடித்தது. எனக்குக் கைதட்டத் தோன்றியது. (சில ஹோஸ்களின் டேப் பக்க முனையில் தடிமனான பெட்டி ஒன்று இருக்கும். கசிவைத் தடுக்கும் மின்வால்வு அதற்குள் இருக்கலாம். அதைத் தண்ணீரில் முக்காதீர்கள், அறுக்காதீர்கள்.)

கதை இங்கே முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். அடுத்த வாரமே மறுபடி நின்றது. சல்லடை சுத்தமாக இருந்தது! ஒரு முறை ஜெயித்து மறுமுறை தோற்கும் இடத்தில்தான் பாதிப் பேர் "சொன்னேன்ல, நமக்கு வராது" என்று எழுந்து போகிறோம். அவள் எழவில்லை. ஹோஸைக் கழற்றி, டேப்பின் கீழே வாளியை வைத்தாள். தண்ணீர் நூல் மாதிரி இழுத்தது. இரவில்தான் நிற்கிறது, காலையில் மோட்டார் போட்டதும் நன்றாக ஓடுகிறது. இதை நான் கவனிக்கவே இல்லை. அவள் கவனித்திருந்தாள்.

பல மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 பார் அழுத்தம் வேண்டும். உங்களுடையதற்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் கொடுக்கும். அப்படியானால் 0.3 பாருக்கு மூன்று மீட்டர், கிட்டத்தட்ட பத்தடி. எங்கள் மொட்டைமாடியில் டேங்க் தளத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. டேப்பிலிருந்து டேங்கின் அடிப்பாகம் எட்டரை அடி உயரத்தில்தான் இருந்தது. டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரமும் சேர்ந்து பன்னிரண்டு அடிக்கு வரும், மெஷின் ஓடும். இரவில் தண்ணீர் இறங்கினால் அழுத்தமும் இறங்கும், மெஷின் நிற்கும். கொத்தனாரை வைத்து நாலடி உயரத்துக்கு மேடை கட்டி டேங்கைத் தூக்கினோம். பிரஷர் பம்ப் வைத்தும் சரிசெய்யலாம். இந்தக் கணக்கை அவள் மளிகைச் சீட்டின் பின்பக்கம் போட்டாள். பத்தாவது படித்தவள்.

தண்ணீர் வந்த வழியைத் தேடிப் பின்னோக்கிப் போவது இந்த மண்ணுக்குப் புதிதா என்ன? தண்ணீர் இல்லாத ஆறு என்று பாலாற்றைக் கேலி பேசும் ஊர் இது. பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பு போடுகிறோம். டேனரியில் ஊறவைக்கும்போது அந்த உப்பு தண்ணீரில் இறங்குகிறது. அந்தத் தண்ணீர் போன இடமெல்லாம் கிணறு கரித்தது. கழனி செத்தது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் நடத்திய முதற்கட்ட ஆய்வின்படி ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானது என்று உச்ச நீதிமன்ற வழக்கில் பதிவாகியிருக்கிறது. "பெரிய இடத்து விவகாரம், நம்மால் ஆகுமா?" என்று எல்லோரும் இருந்திருந்தால்? வேலூர் குடிமக்கள் நல மன்றத்தார் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் போய் நின்றார்கள். கெட்ட தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கி நடந்தவர்கள் அவர்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதியாகச் சொன்னது. இன்று நாட்டின் சுற்றுச்சூழல் வழக்குகளில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் பெயர், வேலூர்! பாலாறு முழுதாகத் தேறிவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். சண்டை இன்னும் நடக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. நம் கிணற்றைக் கெடுத்த அதே உப்பைத்தான் பாக்கெட்டில் வாங்கி இந்த மெஷினுக்குப் போடுகிறோம். உள்ளே இருக்கும் ரெசின், தண்ணீரின் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துவைக்கும். உப்பு அந்த ரெசினைக் கழுவிப் புதுப்பிக்கும். தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் கரிப்பை அது எடுக்காது. அதனால் கண்ணாடி டம்ளரில் திட்டு விழுந்தால் உங்கள் கைராசியைத் திட்டாதீர்கள்.

பாத்திரம் கழுவும் மெஷினை உருப்படியாகச் செய்துகாட்டியது யார் தெரியுமா? ஜோசஃபின் காக்ரேன் என்ற அமெரிக்கப் பெண். பொறியியல் படித்தவர் அல்ல. 1883இல் கணவர் கடனை வைத்துவிட்டு இறந்தார். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில், ஒரு மெக்கானிக்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தட்டுகளை அளந்து கம்பிக் கூடு செய்தார். 1886 டிசம்பர் 28 அன்று காப்புரிமை வாங்கினார். மெக்கானிக் அங்கேயும் இருந்தார், பாருங்கள். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னது அந்த அம்மா!

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய நேரமும் உண்டு. மெஷினின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் உள்ளே கசிவு. அப்போது மெஷின் தண்ணீர் எடுக்காமல் வெளியேற்றும் பம்பை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வரத்து நன்றாக இருந்து, சல்லடையும் சுத்தமாக இருந்து, தண்ணீரை உள்ளே விடும் வால்வு திறக்கவே இல்லையென்றால் அதன் கம்பிச்சுருள் (காயில்) எரிந்திருக்கலாம். அப்போது போன் போடுங்கள். ஆனால் "என்னமோ ஆயிடுச்சு, வந்து பாருங்க" என்று சொல்லாதீர்கள். "டேப்பில் வேகம் இருக்கு, சல்லடை சுத்தம், மிதவை ஆடுது, வால்வில்தான் சந்தேகம்" என்று சொல்லுங்கள். மறுமுனையில் குரல் மாறுவதைக் கேட்பீர்கள்.

உங்கள் மெஷின் இப்போது நின்றுகிடக்கிறதா? பிளக்கைப் பிடுங்குங்கள். வாளியை எடுத்துக்கொண்டு டேப்படிக்குப் போங்கள்.