ரெண்டு வாரத்துக்கு அம்மாவா இருக்க முடியுமா?

முருகா சரணம்.

கம்போடியா, நேபாளம் மாதிரி நாடுகள்ல இருக்கிற குழந்தைகள் காப்பகத்துக்குப் போய், ரெண்டு வாரம் தங்கி, கைக்குழந்தைகளைப் பாத்துக்கிற தன்னார்வப் பயணங்கள் இருக்கு. போறவங்களே பணம் கட்டணும். ராஜகீழ்ப்பாக்கத்துல என் கூட ரூம்ல இருக்கிற நண்பன் இதுக்காக லீவ் சேர்த்து வச்சிருக்கான். "மச்சி, அழுற குழந்தையைத் தூக்கி வச்சுக்கிறதுல என்னடா தப்பு?"ன்னு கேட்டான். ஒரு வாரமா இதே விவாதம்தான்.

தூக்குறதுல தப்பே இல்ல. பதினஞ்சாவது நாள் இறக்கி வச்சிட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்புறதுலதான் எனக்குச் சிக்கல்.

சரவணப் பொய்கைக் கதை நமக்கெல்லாம் தெரியும். ஆறு குழந்தைகள், கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். பெத்தவங்க இல்ல, ஆனா பாலூட்டி வளர்த்தாங்க. கணக்கைப் பாருங்க: ஒரு குழந்தைக்கு ஒரு தாய். ஷிஃப்ட் கிடையாது. அன்னை பார்வதி வந்து ஆறு பேரையும் சேர்த்து அணைக்கிற வரைக்கும் அவங்க அங்கேயே இருந்தாங்க. அதனாலதான் வளர்த்தவங்க பேரே நம்ம அப்பனுக்குப் பேராச்சு, கார்த்திகேயன்னு.

இது வெறும் பக்திக் கதை இல்ல. 1989ல ருமேனியாவுல சௌசெஸ்கு ஆட்சி விழுந்தப்போ, அந்நாட்டுக் காப்பகங்கள்ல லட்சத்துக்கும் மேல குழந்தைகள் இருந்தது உலகத்துக்குத் தெரிஞ்சது. பால் புட்டி வரும், ஆனா கொண்டு வர்ற முகம் மாறிட்டே இருக்கும். 2000ல புக்காரெஸ்ட்ல ஒரு ஆய்வு தொடங்குச்சு. காப்பகத்துல இருந்த 136 குழந்தைகள்ல பாதிப் பேரைக் குலுக்கல் முறையில தேர்ந்தெடுத்து வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினாங்க. சுமார் ரெண்டு வயசுக்குள்ள போன குழந்தைகள் ஒட்டுதல்லயும் அறிவு வளர்ச்சியிலயும் நல்லாவே தேறினாங்க. கைக்குழந்தைக்கு வேண்டியது நிறைய கைகள் இல்ல, நாளைக்கும் வரப்போற அதே கை.

நம்ம வேலையில ஒருத்தர் பேப்பர் போட்டா நாலேட்ஜ் ட்ரான்ஸ்ஃபர்னு ஒண்ணு இருக்கும். எந்த அழுகை பசிக்கு, எந்த அழுகை தூக்கத்துக்குன்னு அடுத்து வர்றவருக்கு யார் சொல்லித் தர்றது?

நண்பன் விடல. "அங்க ஒரு ஆயாவுக்குப் பத்து குழந்தை இருந்தா? யாருமே தூக்காம கிடக்கிறதுக்கு நான் தூக்கினா பரவாயில்லையே?" நியாயமான கேள்விதான். ஒரு நாள் ராத்திரி முழுக்க என்கிட்ட பதில் இல்ல. ஆனா அந்தப் பத்தைக் குறைக்க வேற வழியும் இருக்கே. துணி துவைக்கலாம், பாத்திரம் கழுவலாம், கணக்கு எழுதலாம். ஆயாவோட கையை நாம காலியாக்கினா அந்தம்மா குழந்தையைத் தூக்குவாங்க. விமான டிக்கெட் காசுல இன்னொரு ஆயாவுக்குச் சில மாசச் சம்பளமே கொடுக்கலாம். ஆனா அதுல செல்ஃபி வராது (இதைச் சொன்னதும் நண்பன் கொஞ்சம் முறைச்சான்).

இன்னொரு விஷயம் இதைவிட மோசம். இந்த நாடுகள்ல காப்பகத்துல இருக்கிற பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருக்காங்க, வறுமையாலதான் பிரிச்சு வச்சிருக்கு. பாக்க வர்றவங்க காசு கொட்டுறப்போ, காட்டுறதுக்குக் குழந்தைகளைத் திரட்டுற ஆட்களும் வந்துடுறாங்க. ஆஸ்திரேலியா 2018ல நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டு வந்தப்போ, இந்தக் காப்பகக் கடத்தலையும் அடிமைத்தனத்துல ஒரு வகைன்னு ஏத்துக்கிட்டது.

நம்ம ஊர்லயும் பிறந்தநாளுக்கு இல்லத்துல சாப்பாடு போட்டு, குழந்தைங்க முகத்தோட ஸ்டேட்டஸ் வைக்கிற பழக்கம் இருக்கு. சாப்பாடு போடுங்க, புண்ணியம்தான். போட்டோ வேண்டாம். பராமரிப்பு தேவைப்படுற குழந்தையோட அடையாளத்தை வெளியிடக் கூடாதுன்னு 2015 சிறார் நீதிச் சட்டமே சொல்லுது.

நண்பன் இன்னும் டிக்கெட் போடல. நேத்து ராத்திரி தாம்பரம் பக்கத்துல எந்த இல்லத்துல துணி துவைக்க ஆள் தேவைன்னு விசாரிச்சிட்டிருந்தான். "வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை போகணும்டா, ஒரு வருஷத்துக்கு"ன்னேன். "ஒரு வருஷமா?"ன்னு இழுத்தான். யோசிக்கட்டும்.

வேலும் மயிலும் துணை.