பூஜ்யங்களின் வரிசை

மொழி சிந்தனையின் போக்கை நிர்ணயிக்கிறது என்று நம் கட்டுரைகளில் அடிக்கடி எழுதிக்கொள்கிறோம். கவிதைக்கு வெளியே இதை நாம் சோதித்துப் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டருக்கு ஆணையிடும் மொழிகளின் உலகில் இதே நம்பிக்கையோடு இயங்கியவர் கென்னத் ஐவர்ஸன். ஹார்வர்டில் கற்பித்த காலத்தில் அவர் வகுத்த கணிதக் குறியீடு 1962-ல் புத்தகமாயிற்று; 1966-ல் ஏ.பி.எல். என்ற பெயரில் ஐ.பி.எம். யந்திரத்தில் இயங்கத் தொடங்கியது. ட்யூரிங் விருதை ஏற்று 1979-ல் அவர் நிகழ்த்திய உரையின் விஷயமே, குறியீடு சிந்தனைக்கு ஒரு கருவி என்பதுதான்.

வழக்கமான மொழிகள் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கின்றன. ஏ.பி.எல். ஒரு முழு வரிசையை எடுத்துக்கொண்டு எல்லோரிடமும் ஒரே கேள்வியை ஒரே மூச்சில் கேட்கிறது. அட்டவணையும் இந்த ரீதியில் நெடுக்குப் பத்திகளாகவே சேமிக்கப்படுகிறது: பெயர்கள் ஒரு பத்தி, தொகைகள் ஒரு பத்தி, நாள்கள் ஒரு பத்தி. ஆர்தர் விட்னி இதே வம்சத்தில் 1993-ல் உருவாக்கிய கே மொழியிலும், பங்குவர்த்தகக் கணக்குகளுக்குப் பெயர்போன கேடிபியிலும் இது இன்னும் அப்பட்டம். பழைய பாங்கு லெட்ஜரில் ஒரு ஆளுக்கு ஒரு பக்கம் இருந்தது. இங்கே ஆள் என்று தனியாக எதுவும் இல்லை. எல்லாப் பத்திகளிலும் ஐந்தாவது இடத்தில் இருப்பவற்றின் ஒற்றுமைதான் ஐந்தாவது ஆள்.

பாங்கு குமாஸ்தாவான எனக்கு உதாரணமும் அங்கிருந்தே கிடைக்கிறது. 90 நாளுக்கு மேல் தவணை பாக்கி நின்றால் அந்தக் கடன் என்.பி.ஏ.; 2004 மார்ச்சிலிருந்து நம் நாட்டு பாங்குகளுக்கு இது விதி. ஏழு கடன்காரர்கள், பாக்கி நாள்கள் இவ்வாறு என்று வைத்துக்கொள்வோம்: 12, 0, 95, 89, 140, 91, 30. இந்த வரிசையைப் பார்த்து, 90-க்கு மேலா என்று கேட்டால் ஏ.பி.எல். தரும் பதில்: 0 0 1 0 1 1 0. ஆம் என்பது 1, இல்லை என்பது 0. இரண்டும் நிஜமான எண்கள். கூட்டினால் 3 வரும். உண்மைகளைக் கூட்டி எண்ணிக்கை பெறுவதில் ஒரு அழகு இருக்கிறது. ஆனால் 89 நாள்காரரும் பாக்கியே இல்லாதவரும் ஒரே பூஜ்யம். 91-ம் 140-ம் ஒரே ஒன்று.

மனிதனை எண்ணாக்கிவிட்டார்கள் என்று இந்த இடத்தில் புலம்புவது நம்மிடையே வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. ஒவ்வொருவராக விசாரிப்பதில் முகதாட்சண்யம் நுழையும், களைப்பு நுழையும், ஜாதி நுழையும். எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே கணத்தில் என்பது நியாயத்தின் ஒரு வடிவம். கோடு 90-ல் கிழிக்கப்பட்டது சரியா என்பது வேறு விவகாரம். அதைக் கிழித்தது மொழியல்ல.

பிரச்னை அதற்கு அடுத்த படியில்தான். அதே விசாரணைக்கு மூன்று விதமாகப் பதில் பெறலாம். ஒன்று, மேலே கண்ட ஏழு எண்கள். இரண்டு, ஒன்றுகள் நிற்கும் இடங்கள்: 3, 5, 6. மூன்று, பெயர்ப் பத்தியிலிருந்து பொறுக்கியெடுத்த மூன்று பெயர்கள். முதல் பதிலில் ஏழு பேரும் இருக்கிறார்கள். நால்வர் பூஜ்யமாக, ஆனாலும் தத்தம் இடத்தில். இரண்டாவதில் 3-க்கும் 5-க்கும் நடுவே ஒரு இடைவெளி தெரிகிறது. அங்கே நிற்பவர்தான் அந்த 89 நாள்காரர். மூன்றாவதில் இடைவெளியும் இல்லை. அடுத்தடுத்து நிற்கும் மூன்று பெயர்கள் தம்மை ஒரு முழுமையாகக் காட்டிக்கொள்கின்றன.

முதல் பதிலை ஒரே குறியால் தலைகீழாக்கலாம்: 1 1 0 1 0 0 1. விடுபட்டவர்கள் உடனே முன்னுக்கு வருவார்கள். வேறொரு கேள்வியின் பதிலோடு இடத்துக்கு இடம் பொருத்தியும் பார்க்கலாம். பெயர்ப் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இதில் எதையும் செய்ய முடியாது. தேர்வு தவிர்க்க முடியாததுதான். தேர்வைத் திருப்பிப் பார்க்கும் வழியை அழிப்பது தவிர்க்கக்கூடியது. அறம் சார்ந்த வித்தியாசம் இங்கேதான் இருப்பதாக நினைக்கிறேன்.

அதிகாரம் கீழே அனுப்புவது எப்போதும் மூன்றாவது வகைப் பதில். நம் விமர்சனமும் அதையே செய்துவருகிறது. முக்கியமான பத்துக் கவிஞர்கள், நினைவில் நிற்கும் பன்னிரண்டு கதைகள் — சிறுபத்திரிகைகள் பட்டியலிட்டு ஓய்ந்ததில்லை. எந்தக் கேள்வி கேட்கப்பட்டது, எத்தனை பேரிடம், ஒரு இழையில் தவறியவர் யார் என்பதெல்லாம் பட்டியலில் இல்லை. நம் ரசனையை நான் குறை சொல்லவில்லை. பூஜ்யங்களையும் சேர்த்து அச்சிடச் சொல்கிறேன். யாரைப் படித்தோம், எதன் பொருட்டு நிராகரித்தோம் என்று எழுதினால், நாளை ஒருவன் வந்து நம் தீர்ப்பைத் தலைகீழாக்கிப் பார்க்க முடியும்.

இதிலும் ஒரு எல்லை உண்டு. பூஜ்யம் வாங்கியவர் கேட்கப்பட்டவர்; அவருக்கு வரிசையில் இடம் இருந்தது. நாம் படிக்கவே படிக்காதவருக்கு அந்தப் பூஜ்யமும் கிடையாது. அவரைப் பற்றி எந்த மொழியிலும், எந்தக் குறியாலும், அந்த வரிசையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.