பாட்டன் துப்பாக்கியின் மதிப்பு

போடிநாயக்கனூர், தேவாரம், கோம்பை, கண்டமனூர் முதலியவை ஒருகாலத்தில் பாளையங்கள். 1801 டிசம்பரில் கும்பினி ஆட்சி பாளையக்காரர் சீமைகளில் ஆயுதம் வைத்திருக்கத் தடை விதித்தது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் லைசென்ஸ் முறையை இறுக்கியது. இவற்றையெல்லாம் தாண்டி ஜமீன் வீட்டிலோ ஏலத்தோட்டக்காரர் வீட்டிலோ தங்கிவிட்ட துப்பாக்கி பேரன் கைக்கு வரும்போது, அதன் மதிப்பு என்ன என்ற கேள்வியும் கூடவே வருகிறது. மதிப்பு பொருளில் இருக்கிறதா, அதைப் பிடித்த கையில் இருக்கிறதா என்பதுதான் இதன் அடியில் உள்ள சிக்கல்.

சட்டத்துக்கு இதில் குழப்பமில்லை. பழுது பார்த்தாலும் சுடாத பழைய மாதிரிக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்களிக்கிறது. சுடுமென்றால் வாரிசு தன் பெயரில் உரிமம் பெற வேண்டும். 2019 திருத்தத்தின்படி, பரம்பரையாக வந்தாலும் ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கூடாது. நூறாண்டு கடந்தது தொல்பொருள். அதைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. எனவே லண்டன் ஏல விலையைப் பார்த்துக் கம்பம் ஊரில் கணக்குப் போடுவது வீண்.

மதிப்பிடுபவர் முதலில் விசையைப் பார்ப்பார்: சக்கிமுக்கிக் கல்லா, 19ஆம் நூற்றாண்டில் பரவிய கேப்பா? விசைத் தகட்டில் பின்னங்காலில் நிற்கும் சிங்கம் இருந்தால் 1808க்குப் பிந்திய கும்பினிச் சரக்கு. அதற்கு முன் இதய வடிவக் குறி. குழலில் காலம் ஏற்றிய பழுப்பை உப்புத்தாளால் தேய்த்தெடுத்தால் விலை சரியும்.

ஆனால் ஆயுத பூஜையன்று அந்தக் குழலைப் பளபளவென்று துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவதுதான் மரியாதை. செதுக்கு வேலைக்குள் சந்தனம் இறுகிக் கிடப்பது சேகரிப்பாளருக்குச் சேதம், வீட்டாருக்கு வழிபாடு. பூஜையோ உழைக்கும் கருவிக்கு உரியது. லாரிக்கும் அரிவாளுக்கும் பொருந்துவது சுடாத துப்பாக்கிக்கு எப்படிப் பொருந்தும்? பாண்டவர் ஆயுதங்களும் வன்னி மரத்தில் ஓராண்டு சும்மா கிடந்தன என்று சொல்லலாம். அவை மறுபடி எடுக்கப்பட்டன, இது எடுக்கப்படாது. ஆகவே இது நடுகல் வழிபாட்டுக்கே நெருக்கம். 2006இல் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி எழுத்து நடுகல், ஆநிரைப் பூசலில் மாண்டவனுக்கு நட்டது. அங்கே மரியாதை கல்லுக்கல்ல, ஆளுக்கு. வேடிக்கை என்னவென்றால், சேகரிப்பாளரும் இன்னார் வைத்திருந்தது என்ற ஆவணம் இருந்தால்தான் கூடுதல் விலை தருகிறார். அவரும் கைக்கே காசு கொடுக்கிறார்.

கொன்ற கருவியை வணங்கலாமா என்ற கொல்லாமைக் கேள்வி இதைவிடக் கடினம். வள்ளுவர் கொல்லாமையை அறத்துப்பாலிலும் படைச்செருக்கைப் பொருட்பாலிலும் வைத்தார். ஆனால் மேகமலைப் பக்கம் வேட்டைக்குத் தூக்கிய துப்பாக்கிக்குப் போரின் நியாயம் கிடையாது. முன்னோரை வணங்குவது அவர் செய்ததையெல்லாம் ஒப்புவதாகாது என்பதே இதற்குத் தரக்கூடிய நேர்மையான பதில். கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட அரிவாள் வெட்டவும் போகாது, விலைக்கும் போகாது. அப்படி ஒப்படைத்துவிட்ட பொருளுக்கு விலை கேட்பதில் அர்த்தமில்லை.

பாகப்பிரிவினை வந்தால் மட்டும் கேட்டே ஆகவேண்டும். சுடும் துப்பாக்கிக்கு உரிமம் ஒருவர் பெயரில்தான் எழுதப்படும்; உரிமமில்லாத தம்பி வீட்டுக்குப் பூஜை முறை வைத்து மாற்றி அனுப்பவும் வழியில்லை. எடுத்துக்கொள்பவர் மற்றவர்களுக்கு ஈடு தர வேண்டுமானால் தொகை தெரிய வேண்டும். அந்தத் தொகைக்குச் சந்தை விலையைத் தவிர வேறு அளவுகோல் இல்லை.